உப்புத் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

மீன் கம்பெனியில் அவளை எல்லோரும் உப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் கழுவிய தண்ணீர், ரத்தமும் கொழுப்பும் உப்புமாகக் கடைசியில் வந்து சேர்வது அவளுடைய தொட்டிக்குத்தான். பழகிவிட்டால் நாற்றம் தெரியாது என்று சொல்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒன்பது வருஷமாகிறது, தினமும் குடலைப் புரட்டுகிறது. என்னத்தைப் பழகுவது?

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அந்தக் கண்றாவி அப்படியே வாய்க்காலுக்குப் போனது. வாய்க்கால் ஓடுவது அவள் தெருவுக்குப் பின்னால். அப்புறம்தான் தொட்டியில் காற்று ஊதி, சேற்றில் கிருமிகளை வளர்த்தார்கள். அழுக்கைத் தின்பதுதான் அவற்றின் பிழைப்பு. ஆனால் இவ்வளவு உப்பில் சாதாரணக் கிருமி பிழைக்காது. பச்சைப் பிள்ளைக்குச் சோறு பழக்குவது போல, வாரா வாரம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டு மாதம் பாடுபட்டுப் பழக்கினாள். "உன் பிள்ளைங்க இன்னைக்கு ஒழுங்கா சாப்ட்டாங்களா?" என்று புருஷன் கிண்டல் செய்வான். வாய்க்கால் தெளிந்தது. தெருவில் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள்.

போன வாரம் அதிகாரிகள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மேனேஜர் தொட்டியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, ஒரே சேறா இருக்கு? நல்ல தண்ணி விட்டு அலசிடு. பளிச்சுன்னு இருக்கணும்."

"சார், இதுங்க உப்புலயே வளந்தது. திடீர்னு நல்ல தண்ணி விட்டா அதைக் குடிச்சு உப்பி வெடிச்சு செத்துடும்."

"தண்ணி விட்டா யாராவது சாவாங்களா? சொன்னதைச் செய்."

வேலை போய்விடும் என்று அவர் மிரட்டவில்லை. மிரட்டும் அளவுக்கு அவள் வைத்துக்கொள்ளவில்லை. வால்வைத் திறந்துவிட்டாள்.

அதிகாரிகள் வந்தார்கள், தெளிந்த தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினார்கள், மேனேஜரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தொட்டி முழுக்க வழவழவென்று நுரை. அடியில் கிடந்த சேறு செத்துக் கறுத்துப்போனது. தின்னக் கிருமி இல்லாமல், மீன் ரத்தம் வந்தபடியே வாய்க்காலுக்குப் போயிற்று. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் தெருவே திரண்டு வந்து கம்பெனி கேட்டில் நின்றது.

"நீ அவங்க தெருதானே? கரன்ட் போயி காத்து ஊதுற மெஷின் நின்னுடுச்சுன்னு சொல்லி அனுப்பு" என்றார் மேனேஜர்.

முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. "அக்கா, அப்பாவுக்கு ரெண்டு நாளா மூச்சு முட்டுது. கம்பெனிக்காரன் என்ன பண்ணித் தொலைச்சான்?"

உண்மையைச் சொல்லத்தான் உப்பக்கா வாயைத் திறந்தாள். "கரன்ட் போயிடுச்சும்மா. மெஷின் நின்னுடுச்சு" என்றுதான் வந்தது. தடுமாறாமல், திக்காமல் வந்தது.

தையல்காரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். வாங்க போகலாம்." போகும்போது உப்பக்காவின் கையைப் பிடித்து, "பாவம், நீ மட்டும் என்ன பண்ணுவ" என்று வேறு சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. "சபாஷ், நல்லா சமாளிச்ச" என்றது பின்னாலிருந்து மேனேஜரின் குரல். உப்பக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.