கண்ணாடிக்குள் சிவந்த வெள்ளை கோட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் ஒரு வாஷிங்மெஷின் முன்னால் குந்தியிருந்தோம். வட்டக் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை கோட் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பு.

ரத்தச் சிவப்பு!

இப்போது நான் இருப்பது புதுச்சேரி மூலக்குளத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில். (இது எத்தனையாவது அறை என்று கேட்காதீர்கள் – எனக்கே தெரியாது.) கீழே வீட்டுக்காரர் சாந்தி அக்கா. வில்லியனூர் தாண்டி இன்னும் பயிர் வைக்கிற குடும்பம்; மகள் நித்யாவின் நர்சிங் படிப்புக்காக இங்கே வந்தவர்கள். அக்காவுக்குத் தோள்பட்டை வலி. அதனால் துணியைப் பிரித்து மெஷினில் போடுவது என் வேலை. என் துணியும் அதிலேயே துவைந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒரு மழைக்காலம் முழுக்க லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைத்துத்தான் சாப்பிட்டேன். ஈரமூட்டைக்குப் பக்கத்திலேயே படுக்கை. தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

வெள்ளை ஒரு குவியல். கலர் ஒரு குவியல். சாயம் போகும் என்று சந்தேகம் வந்தால் தனி பக்கெட். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்க்க வேண்டும், ஜிப்பை இழுத்து மூட வேண்டும்... இதில் நான் கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட் நித்யாவுடையது. மறுநாள் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதல் டியூட்டி. கோட்டில் சின்னக் கறை இருந்தாலும் மேட்ரன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று சீனியர் பெண்கள் பயமுறுத்தியிருந்தார்கள். டெய்லர் தைத்துக் கொடுத்ததோ ஒரே ஒரு கோட். புதுத்துணி விறைப்பு கழுத்தை அறுக்கிறது, ஒரு தடவை துவைத்துவிடலாம் என்று அவளேதான் கொண்டுவந்து கொடுத்தாள்; நானும் மடிப்பைப் பிரிக்காமலேயே போட்டுவிட்டேன்.

“மாமா, நிறுத்துங்க மாமா!”

பட்டனை அமுக்கினேன். சுற்றுவது நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை திறக்காது.

“ஒடச்சிடலாமா?”

“அப்புறம் உங்கப்பா என்னைய ஒடச்சிடுவாரு.”

தண்ணீரை வெளியேற்றும் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோது சாந்தி அக்கா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, தப்பா நெனைக்காத. உன் செவப்பு லுங்கிய இதுல போட்டுட்டியா?”

“இல்லக்கா.”

“நல்லா யோசிச்சி சொல்லு. அது சாயம் போறத நானே பாத்தேன்.”

“போடலக்கா.”

“அப்ப எங்க அந்த லுங்கி?”

“இடுப்புலதான் இருக்கு.”

எழுந்து நின்று காட்டினேன். அழுதுகொண்டிருந்த நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடியும் அழுதாள்.

ஒரு வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் கண் முதலில் எங்கே போகிறது? வந்து ஒட்டிக்கொண்டவனிடம்தானே! லாட்ஜில் துண்டு காணாமல் போனாலும் முதலில் திறந்து பார்ப்பது என் பையைத்தான். அதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. துணியைப் பிரிக்கும் முன்பே நாம் ஆளைப் பிரித்து வைத்துவிடுகிறோம்... அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்து கதவு ‘டக்’ என்றது. நித்யா கோட்டைப் பிடுங்கி விரித்தாள். காலருக்கு அடியில் சிவப்பு. கீழ் ஓரத்தின் இரண்டு முனைகளிலும் சிவப்பு.

“யம்மா... மஞ்ச வெச்சியா?”

அக்கா மெஷின் கதவைத் துடைக்க ஆரம்பித்தார்.

“கேக்கறேன் இல்ல?”

“புதுத்துணிக்கு மஞ்ச வெக்காம போட்டுக்குவாங்களா? வெள்ளிக்கிழம சாமிகிட்ட வெச்சி...”

“ஒரு பொட்டு வெச்சா பத்தாதா? இப்பிடியா அப்புவ?”

“மொத வேலையாச்சேடி.”

சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். மூன்று பேருக்கும் தெரிந்த சங்கதிதான். பயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நல்ல தண்ணீரில் அலச அலசச் சிவப்பு போய் மஞ்சள் நின்றது. அது லேசில் போகாது. வெயில்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கொண்டிருந்தது! மொட்டை மாடிக் கொடியில் கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். மத்தியானத்துக்கு மேல்தான் சுள்ளென்று அடித்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர, அக்கா வலிக்கிற தோளோடு கோட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் வாங்கப் போனாலும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் முனைகள் வெளுத்துவிட்டன. காலர் அடியில் மட்டும் ஒரு வெளிர் மஞ்சள், பிடிவாதமாக.

அதோடுதான் போனாள் நித்யா. திங்கட்கிழமை முழுக்க அக்கா சாப்பிடவில்லை. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டு நானும் கீழே இறங்கிவிட்டேன்.

“இன்னாச்சிடி?”

“காலர திருப்பிப் பாத்தாங்க மேட்ரன்.”

“அய்யோ...”

“‘உங்கம்மா வெச்சாங்களா?’ன்னாங்க. ஆமான்னேன். ‘சரி, வார்டுக்குப் போ’ன்னுட்டாங்க.”

அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும் – இப்போதெல்லாம் மெஷின் பக்கம் போகும்போது சிவப்பு லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். சாட்சி இடுப்பிலேயே இருக்கட்டுமே!