சூடத்தில் அடிக்காத கை

என் தம்பி அழகர்சாமியைப் போலத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது. ஒரே வெட்டு. கிளை பிளக்காது, பட்டை உரியாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. தேவாலா பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இலங்கையிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். மண்டபம் முகாமில் அவனுடைய ஒரே குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. இங்கே வந்த பிறகு மற்ற ஆண்கள் சாராயம், லாட்டரிச் சீட்டு என்று எதிலாவது தங்கள் துக்கத்தை மறந்தார்கள். அவன் வேலை முடிந்ததும் தேயிலை மலையோரத்தில் இருக்கும் கவ்வாத்துச் சாமி கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான். கத்திகளை அந்தச் சாமி முன் வைத்துக் கும்பிட்ட பிறகே செடியில் கை வைப்பது இலங்கையிலிருந்து நாங்கள் கொண்டுவந்த வழக்கம். அதற்குப் பூசாரியும் அவன்தான்.

"அப்படி என்னடா வேண்டிக்கிறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டிக்கிறதில்லக்கா. சும்மா இருப்பேன். வயிறாரச் சாப்புட்டு எந்திரிச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப இன்னைக்குச் சோறு மிச்சம்," என்றாள் அவன் மனைவி ராக்கம்மா. அவனும் சிரித்தான்.

நான் கூடலூரில் வீடு கட்டிக் குடிபோன பிறகு, ஒரு கவ்வாத்துக் காலத்தில், தோட்டத்து ஸ்டோரில் உர மூட்டைகள் காணாமல் போயின. கத்திகளும் அங்கேயே இருந்ததால் அழகர்சாமியிடம் ஒரு சாவி இருந்தது. இன்னொன்று உரம் கொடுக்கும் சுப்பண்ணனிடம். மேனேஜர் போலீசுக்குப் போகவில்லை. இருவரும் சாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்யட்டும், செய்யாதவன் வேலையையும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுப் போகட்டும் என்றார். எங்கள் ஆட்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவன் கை விளங்காமல் போகும் என்பது எங்கள் நம்பிக்கை.

சேதி கேட்டு நானும் போயிருந்தேன். சுப்பண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, பட்டென்று அடித்தார்.

"அழகரு, நீயும் அடிச்சிட்டு வாய்யா. டீ ஆறுது," என்றார் கங்காணி செல்லதுரை.

"நான் எடுக்கலண்ணே. சூடம் அடிக்க மாட்டேன்."

"எடுக்காதவனுக்கு என்னய்யா பயம்?"

"பயமில்லண்ணே. நான் எதுக்கும் சாமியக் கூப்பிட்டதில்ல. இப்ப வூட்டுக்காகக் கூப்பிட்டா, இத்தன நாளும் வூட்டுக்காகத்தான் அங்க உக்காந்திருந்தேன்னு ஆகிப்போகும்."

"பூசாரிக்கே கை கூசுது பாரு," என்று கூட்டத்தில் யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "கிறுக்கா, ஒரே ஒரு அடிடா. ராக்கம்மாவ எங்க கூட்டிட்டுப் போவே?"

"ஒன் வூட்டுக்குத்தான்," என்றான்.

அப்படியே ஆயிற்று. எங்கள் பின்னறை மழைக்காலத்தில் சுவரெல்லாம் நீர் கசிகிற அறை. ஏற்கெனவே மூச்சிழுப்பு உள்ளவள் ராக்கம்மா. அங்கேயே நோய் முற்றி இறந்தாள். உரத்தை விற்றது சுப்பண்ணன்தான் என்று அதை வாங்கிய தேவாலா வியாபாரியே பிற்பாடு என்னிடம் சொன்னார். பூசாரிப் பொறுப்பும் சுப்பண்ணனுக்கே போயிருந்தது. அவருடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பியிடம் போய்ச் சொன்னேன். "அவருதான்னு அன்னைக்கே தெரியும்க்கா," என்றான்.

"அப்புறம் ஏன்டா வாய மூடிட்டு இருந்தே?"

"சொல்லியிருந்தா, அதுக்கும் ஒரு சூடம் அடின்னிருப்பாங்க."

அவன் அப்போதும் பின்னறை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். முகத்தில் குறையே தெரியவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பின்னால் தோட்டத்தில் கவ்வாத்துக்கு ஆள் கிடைக்காமல் அவனைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். மானமுள்ளவன் போவானா? போனான். முதல் நாள் நானும் கூடவே பஸ் ஏறினேன். சுப்பண்ணன் பூசையை முடித்துத் திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் வந்தார். தம்பிக்கு முன்னால் வந்ததும் அவர் பார்வை தரைக்குப் போயிற்று. தம்பி இரண்டு கையும் நீட்டி வாங்கிப் பூசிக்கொண்டு, கல்லுக்கு முன் கண்மூடி நின்றான். கங்காணி இரண்டு தரம் கூப்பிட்ட பிறகே கத்தியை எடுத்தான்.

தட்டு என் முன்னால் வந்தது. ராக்கம்மாவை நினைத்துக்கொண்டேன். கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.