அம்மா சாப்பிட்ட மீன்

சித்தப்பாவுக்கு பஸ் ஓட்டும் வேலை நிரந்தரமானபோது, எங்கள் எல்லோருக்கும் வெளியில் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. ஒஸ்லோவில், ரொம்மன் என்ற புறநகரில் நாலாம் மாடி வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா என்று நாலு பேர் இருந்தோம். சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி, கலியாணம் ஆகாதவர். ஒரு நாளைக்கு ஒரு ஆளையாவது ஏமாற்றாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செமிக்காது. சீனிப் போத்தலில் உப்பைப் போட்டுவைப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னை எழுப்பி, நேரம் போய்விட்டது என்று ஓடவைப்பார். அவரிடம் அதிகம் ஏமாந்தவள் நான்தான். அவரைப்போல வரவேண்டும் என்று ஆசைப்பட்டவளும் நான்தான்.

எங்கே போய்ச் சாப்பிடுவது என்பதுதான் சிக்கல். அம்மா சைவம். வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை, முழுச் சைவம். எங்களுக்கு மீனும் இறைச்சியும் சமைப்பார், தான் வாயில் வைக்கமாட்டார். மீன்குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்ப்பது என்னுடைய உத்தியோகம். அகப்பையிலிருந்து ஊதி ஊதி என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவார். நான் நக்கிப் பார்த்து, காணும் அல்லது காணாது, இன்னும் போடவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வேன். சில பேருக்குக் கண் நீலமாக இருப்பதுபோல அம்மாவுக்குச் சைவம் என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. வெளியில் சாப்பிடப் போனால் நாங்கள் கோழியைக் கடித்துக்கொண்டிருக்க, அம்மா இலைதழையையும் பொரித்த உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு, தனக்குப் பசிக்கவில்லை என்பார்.

சித்தப்பா விசாரித்துக் கண்டுபிடித்த கடை நகர நடுவில், குறொன்லாண்ட் ரயில் தரிப்பிடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. வியட்நாமிலிருந்து வந்த புத்த சமயக் குடும்பம் ஒன்று நடத்தியது. சோயாவிலும் கோதுமையிலும் காளானிலும் செய்து, அதற்கு இறைச்சியின் உருவத்தையும் ருசியையும் கொடுத்திருந்தார்கள். நீள மேசையில் தட்டுத் தட்டாக ஆவி பறக்க வைத்திருந்தது. வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கலாம். ஒவ்வொரு தட்டின் முன்னும் வாத்து, இறால், மீன் என்று நோர்வேஜிய மொழியில் எழுதி, அந்தச் சொற்களுக்கு மேற்கோள்குறி போட்டிருந்தார்கள்.

“அண்ணி, இஞ்சை ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. எல்லாம் சைவம்” என்றார் சித்தப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. அம்மாவும் எங்களோடு இருந்து வயிறாறச் சாப்பிடவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் இரண்டு கிழமை தேடியிருக்கிறார்.

அம்மா முதலில் சோறும் மரக்கறியும்தான் எடுத்தார். பிறகு இறால் ஒன்று, வாத்துத் துண்டு ஒன்று. கடைசியாக மீன். வெள்ளைச் சதை, கறுத்த தோல், மேலே இஞ்சியும் வெங்காயத்தாரும் போட்ட குழம்பு. ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு எழும்பிப் போய் இன்னும் இரண்டு துண்டு எடுத்துவந்தார். அம்மா ஒரு கடையில் இரண்டாம் தரம் எடுத்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாம் சரியாகப் போனது சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணி எடுக்க நான் எழும்பியபோது கூடவே வந்து, அம்மாவிடம் போய் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். நான் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு மேசைக்கு வந்தேன்.

“அம்மா, அந்த மீன் மட்டும் உண்மையான மீனாம். கடைக்கார ஆன்ட்டி இப்பதான் சொன்னவ.”

அம்மா மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததைக் கடதாசியில் எடுத்து மடித்து வைத்தார். எழும்பி நேரே அந்தத் தட்டுக்கு முன்னால் போய், குனிந்து, எழுதியிருந்ததை வாசித்தார். மீன் என்றுதான் எழுதியிருந்தது. நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“நான் எத்தினை துண்டு சாப்பிட்டனான்?” என்று கேட்டார்.

“மூண்டு.” அதில் நான் பொய் சொல்லவில்லை.

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரரின் முகம்போல இருந்தது. எனக்குப் பயம் வந்து, பகிடிக்குச் சொன்னேன், சித்தப்பாதான் சொல்லச் சொன்னவர் என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நம்பவில்லை. அதற்குள் அப்பா வந்துவிட்டார். அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

“இது விளையாடுற விஷயமே?”

சித்தப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வெறும் பகிடி அண்ணி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவரைக் கடந்து கடைக்காரப் பெண்ணிடம் போனார். என் தாயின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அம்மா கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. அம்மாவையும் என்னையும் சமையலறைக்குள் கூட்டிப்போனார். சோயாப்பாலில் படியும் ஆடையை அடுக்கி உருட்டி வைத்திருந்ததைக் காட்டினார். மீன்தோல் என்று நாங்கள் நினைத்தது கடற்பாசித் தாள் என்று ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் தந்தார். இந்தச் சமையலறைக்குள் ஒருநாளும் மீன் வந்ததில்லை என்றார். அப்படியும் அம்மா அசையாமல் நிற்கவே, பொரித்த துண்டு ஒன்றை எடுத்து, “நானும் மீன் சாப்பிடுவதில்லை. பாருங்கள்” என்று சொல்லிக் கடித்தார். அவர் விழுங்கி முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேசைக்கு வந்து தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். சித்தப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். எனக்கு அது கசந்தது என்று எழுத ஆசைதான். நன்றாகத்தான் இருந்தது.

ரயிலில் அம்மா என் பக்கத்தில் இருந்தார். இரண்டு தரிப்பிடம் தாண்டியதும், “நீ பகிடிக்குத்தானே சொன்னனி?” என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டார். ரொம்மனில் இறங்கும்போது மூன்றாம் தரம். நான் அலுத்துப்போய், ஓம் அம்மா, எத்தினை தரம் சொல்லுறது என்றேன்.

பதினேழு வயதில், வகுப்பில் பாதிப்பேரைப்போல நானும் பூமியைக் காப்பாற்றுவதற்காக இறைச்சியை விடப்போவதாக வீட்டில் அறிவித்தேன். அம்மா நல்லது என்றார். அப்பாதான் பிறகு காரில் வைத்துச் சொன்னார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் ஊரில் வேலைக்கென்று சைக்கிளில் போனவர், வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. செய்தி ஒஸ்லோவுக்கு வந்த அன்று, அவன் உயிரோடு வரும்வரை மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மா நேர்ந்துகொண்டார். சித்தப்பாவுக்கும் இது தெரியாது. அம்மா அதைக் கதைக்க விரும்பவில்லை. கதைத்தால் தம்பி செத்துப்போன ஆளைப்போல ஆகிவிடுவார்.

மூன்று துண்டு என்று நான் சொன்னதிலிருந்து அந்தப் பெண் விழுங்கி முடித்ததுவரை பத்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் அம்மா, தன் தம்பியைத் தானே கைவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பத்து வயதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தோழியிடம் முழுக் கதையையும் சொல்லிச் சிரித்துவிட்டு, என்னுடைய அம்மாவுக்குப் பகிடி விளங்காது என்று முடித்தேன்.