ஒரே மரம்தான் அழகாம்!

போன மாதம் எங்கள் புகைப்படக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. சூரியன் மறைகிற நேரம். செக்கச்செவேலென்று வானம். பாலை ஊற்றி வைத்ததுபோல் அசையாத நீர். நடுவில் ஒற்றை மரம். தலைப்பு – ‘தனிமை’. போட்டியில் முதல் பரிசாம். கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

நானும் கைதட்டத்தான் போனேன். விரல் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குளம் எனக்குத் தெரியும். பீடோருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஈயக்குட்டை அது, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டானது. ஈப்போ பக்கம் நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து மாதம் ஒரு தடவையாவது காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அங்கே தண்ணீருக்குள் நிற்பது ஒரு மரம் இல்லை. இரண்டு!

இன்னொன்று எங்கே?

இந்த மாதிரிப் படம் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கேமராவை ட்ரைபோட்டில் நிறுத்தி, மூன்று நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்போம். அலையெல்லாம் கரைந்து தண்ணீர் பனிபோல ஆகிவிடும். குறுக்கே நடந்து போகிறவர்கள்கூடப் படத்தில் பதிய மாட்டார்கள். ஆனால் அசையாமல் நிற்கிற மரம் பதியும். கம்ப்யூட்டரில் அழிக்கலாமே என்றால், போட்டி விதி விடாது. எடுத்த படத்திலிருந்து எதையும் நீக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே கிளம்பிப் போனேன்.

குளத்தில் ஒரே மரம். கரைக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்ற மெலிந்த மரத்தைக் காணோம். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. சுத்தமான வெட்டு... ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அறுத்ததைப் புல்லுக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

எனக்கு அது வெறும் மரம். அஞ்சலை அக்காவுக்கு அது கைப்பிடி.

மூடிப்போன அந்தத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் இன்னமும் குடியிருக்கிற மூன்று நான்கு குடும்பங்களில் அக்காவின் குடும்பமும் ஒன்று. குட்டை ஓரத்தில் வளரும் கங்கோங் கீரையை அறுத்துப் பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிறவர். கரை செங்குத்தாக இறங்கும், வழுக்கும். அதனால் கரையிலிருந்து அந்த மரத்துக்கு ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். நான் முதல் தடவை கேமராவோடு போய் நின்றபோது, “கயிறு ஒனக்கு இடைஞ்சலா இருந்தா அவுத்துக்கம்மா. போறப்ப கட்டிட்டுப் போ” என்று சொன்ன மனுஷி.

லயத்துக்கு நடந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

“என்னக்கா ஆச்சு?”

“வழுக்கிருச்சும்மா. பிடிக்கக் கயிறு இல்லல்ல...”

“மரத்த யாரு வெட்டுனா?”

“ரெண்டு பேரு வந்தாங்க. காத்தடிக்கிற ரப்பர் படகு, ரம்பம் எல்லாம் கொண்டாந்தாங்க. கவுன்சில் ஆளுங்கன்னு நெனச்சு நான் ஒண்ணும் கேக்கல. பெறவு பாத்தா, கேமரா வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க லா!”

“மரம் இல்லன்னு தெரிஞ்சும் ஏங்க்கா எறங்குனீங்க?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கீர அறுக்காம வீட்டுல உக்காரச் சொல்றியா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன். பதறிவிட்டார்.

“வேணாம்மா! நாங்க இங்க இருக்கறதே பெரிசு. யாராச்சும் வந்து பாத்தா, மரத்த விட்டுட்டு எங்களக் கெளப்பிடுவாங்க.”

காருக்குள் வந்து குணாவுக்குப் போன் போட்டேன். பரிசு வாங்கியவர் அவர்தான். ஈப்போவில் அவரைத் தெரியாத கேமராக்காரர் கிடையாது. எனக்கும் பல வருடப் பழக்கம்.

“குணா, அந்த இன்னொரு மரம் எங்க?”

சிரித்தார். “அது செத்த மரம்தான சிஸ்டர்! ஃப்ரேமையே கெடுத்துச்சு. ரெண்டு மரம் நின்னா ‘தனிமை’ எப்படி வரும்?”

“அதுல கயிறு கட்டியிருந்துச்சே, பாக்கலியா?”

“பாத்தேன். அவுத்து, அழகா சுருட்டிக் கரையில வச்சிட்டுதான் வந்தேன்.”

சுருட்டி வைத்தாராம்... அழகாக! என்ன ஒரு பொறுப்பு!

“அதப் பிடிச்சு எறங்குற அக்கா விழுந்து கை ஒடைஞ்சு கெடக்காங்க.”

“நானா தள்ளி விட்டேன்?” என்றார். போனை வைத்துவிட்டார்.

படத்தைத் திருத்தக் கூடாதாம். குளத்தைத் திருத்தலாமாம்! நேர்மையான போட்டி, நேர்மையான பரிசு. இயற்கையை ரசிக்கிறோம் என்று ஊர் ஊராகப் போகிறோமே, எதை ரசிக்கிறோம்? மனிதர்கள் புழங்குகிற இடத்தை, மனிதர்களே இல்லாத இடமாகக் காட்டத்தானே இத்தனை பாடு?

கோபத்தில் அடிக்கட்டையையும் அக்காவின் மாவுக்கட்டையும் எடுத்த படங்களைக் குழுவில் போட்டேன். அக்கா அனுமதியோடுதான். ஐந்தே நிமிடம். அட்மின் நீக்கிவிட்டார். ‘இது லேண்ட்ஸ்கேப் குழு. சொந்தப் பிரச்சினைகளைத் தவிர்க்கவும்.’

குழுவிலிருந்து வெளியேறினேன். வெளியேறியும் உறுத்தல் போகவில்லை. ஏன் தெரியுமா? அந்தக் குளத்துக்கு வழி சொன்னதே நான்தான். வரைபடத்தில் புள்ளி வைத்து, ‘அருமையான இடம், போய்ப் பாருங்கள்’ என்று பெருமையாக அனுப்பியவள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு போனேன். இரும்புக் குழாய் ஒன்று, சம்மட்டி, புதுக் கயிறு. அவர் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினார்.

“கரையோரமா அடிச்சிடலாமா அக்கா?” என்று கேட்டார்.

“அங்க வேணாம் தம்பி. பழைய மரம் நின்ன எடத்துலயே அடிங்க.” அக்கா கட்டுப் போடாத கையால் காட்டினார். “பெயிண்டு இருக்கா?”

“என்ன கலருக்கா?”

“ஆரஞ்சு. தூரத்துலேருந்தே கண்ணுல குத்தணும்.”

ஆரஞ்சுதான் அடித்தோம்.

நேற்று அக்காவிடமிருந்து போன். கேமராவோடு நாலு பேர் வந்தார்களாம். குளத்தைப் பார்த்தார்களாம், குழாயைப் பார்த்தார்களாம். “அக்கா, இத எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டார்களாம்.

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“வெட்டுன மரத்தக் கொண்டாந்து நட்டுட்டுச் சொல்லுங்க, ஒடனே எடுத்துடுறேன் லான்னு சொன்னேன்.”

இதுவரை யாரும் கொண்டுவரவில்லை.