காதில் சொன்ன ரோமப் பேர்

புதன்கிழமைகளில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் போய், வரலாறு என்ற பேரில் கதையளப்பேன் – உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் ஏன்தான் போனோம் என்று ஆகிவிட்டது.

போன வாரப் பாடம் ரோமர்கள். போரில் பிடித்த நாட்டை எப்படித் தங்கள் நாடாகவே மாற்றினார்கள்? படித்துக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடும். நாடகமாகப் போட்டுவிட்டேன். பாதி வகுப்பு ரோமர்கள், மீதிப் பேர் தோற்றுப்போனவர்கள். கவர்னர் யாழினி. அவளை யாரும் நியமிக்கவில்லை, அவளே ஆகிக்கொண்டாள்!

பெஞ்சுகளை ஒதுக்கி, சாக்பீஸால் நேர்க்கோடாக ரோடு போட்டார்கள். மூலையில் குளியல் மண்டபம் வந்தது. அடுத்து, தோற்றவர்களுக்கு ரோமப் பேர். அதை எப்படி வைப்பது என்று கேட்டாள் யாழினி. நம் ஊரில் குழந்தைக்கு எப்படி வைப்போம்? காதில் மூன்று தடவை சொல்வோம் இல்லையா... அப்படியே செய்யுங்கள் என்றேன். என் புத்தியை என்ன சொல்ல!

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் நின்ற அமைதியில், பாதி வகுப்பு மீதி வகுப்பின் காதில் குனிந்து முணுமுணுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாடகம் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் புதன் போனால்... வகுப்பில் சத்தமே இல்லை. சாக்பீஸ் ரோட்டை என்றைக்கோ துடைத்தாயிற்று. ஆனாலும் பிள்ளைகள் அது இருந்த இடத்தில்தான், ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். தோற்றவர்கள் பக்கம் இருந்த நாச்சிமுத்துவின் அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், எம்பையன் காதுல என்னத்தைங்க சொல்லியுட்டீங்க? எப்பவும் போல சாமீன்னு கூப்புட்டா திரும்பறதேயில்லீங்க. பக்கத்து ஊட்டுப் புள்ள மார்க்கஸ்னு கூப்புட்டா மட்டும் எந்திரிச்சு ஓடறானுங்க."

விளையாட்டுக்குச் செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே, "நாச்சிமுத்து!" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "யாரைங்க மிஸ் கூப்புடறீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டான். முகத்தில் துளி குறும்பு இல்லை.

"வீட்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றேன் அம்மாவிடம்.

"நா எப்புடிங்க சொல்றது? அது எங்க மாமனார் பேருங்க. அவங்கப்பாவும் சொல்ல மாட்டாருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாத்தா பேரைப் பேரனுக்கு ஆசையாக வைக்கிறோம். வைத்துவிட்டு, மரியாதை என்று வாயால் சொல்வதே இல்லை. அந்தப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கேயும் நான் பிடுங்கிவிட்டேன். ரோமர்களுக்கு வாள் எதற்கு? யாரும் புழங்காத பேர் ஒன்று கிடைத்தால் போதாதா?

அந்த அம்மா மகன் பக்கத்தில் போய் நின்றார். "காதுல வெச்சதைக் காதுலதானுங்க எடுக்கோணும்" என்றார். பிறகு கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, மன்னிச்சுக்குங்க."

குனிந்து அவன் காதில் வாய் வைத்தார். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை பாதிப் பேர் வந்தது. மூன்றாம் தடவை குரல் உடைந்து, வகுப்புக்கே கேட்டது.

"நாச்சிமுத்து..."

பையன் கண்ணைக் கசக்கினான். "ஏம்மா அழுவற? எனக்குப் பசிக்குது" என்றான். அவர் அவனை வாரி அணைத்துக்கொண்டார்.

பேர் மாறிய மற்ற பிள்ளைகளின் காதிலும் பழைய பேரைச் சொல்லி முடித்தேன். சத்தம் திரும்பியது. அப்பாடா என்று பையை எடுத்தபோதுதான் பார்த்தேன் – அழிந்துபோன ரோட்டின் நடுவே யாழினி மட்டும் அசையாமல் நின்றாள்.

"மிஸ்... எனக்கு யாருமே காதுல சொல்லலீங்களே. நானாத்தானுங்களே கவர்னர் ஆனேன். என்னை எப்புடிங்க திருப்பிக் கூப்புடுவீங்க?"

எடுத்த பையைக் கீழே வைத்தேன்.