நாகஜோதி வாசித்த திரை

முனீஸின் பார்வையில் முதலில் ஓரங்கள்தான் போயின. திருப்பூர் காதர்பேட்டைத் தெருவில் எதிரே வருகிறவரின் முகம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் பனியன் மூட்டை சுமந்து வருகிறவர் தெரியமாட்டார். இடித்துக்கொண்டு ஏச்சு வாங்குவான். பொழுது சாய்ந்துவிட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீடு திரும்புவான். மாலைக்கண்ணாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனைவி நாகஜோதி தினமும் முருங்கைக்கீரை வதக்கிப் போட்டாள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, நடுவில் மிச்சமிருப்பதும் ஒரு நாள் போய்விடும், மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நாகஜோதி அழுதாள். முனீஸ் அழவில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய ஜட்டிப் பெட்டி டிசைனை மனதுக்குள் வரைந்துகொண்டே வந்தான்.

அவன் தொழில் அது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தவன், கட்டிங் மேசையில் எடுபிடியாய் இருந்துகொண்டே ராயபுரத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கோரல் டிரா என்ற படம் வரையும் மென்பொருளைப் படித்தான். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரோடு கடை போட்டான். பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், டேக், அட்டைப்பெட்டிப் படம். உள்ளூர் பனியன்காரர்களுக்கு அவன் கை பிடித்துப்போனது. மவுஸைவிடக் கீபோர்டில்தான் அவன் வேலை நடக்கும். எஃப் ஆறு தட்டினால் கட்டம், எஃப் ஏழு தட்டினால் வட்டம், எஃப் எட்டு தட்டினால் எழுத்து. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும்.

அதனால்தான் பார்வை சுருங்கியபோதும் கடை ஓடியது. நீளக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் திரையின் ஒரு துண்டு மட்டும் தெரியும். மற்றதெல்லாம் எங்கெங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி, வேலையை விட்டுவிட்டு அவனுக்குத் துணையாகக் கடைக்கு வந்தாள். ஆனால் திரையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். அவள் எட்டாவது வரை தமிழில் படித்தவள்.

"மேல ஒரு பெட்டி வந்து நிக்கிது மாமா. என்னமோ கேக்குது."

"என்னன்னு போட்டுருக்கு?"

"எஸ்... ஏ... வி..."

அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். முனீஸ் முகத்தைத் திரையில் ஒட்டிவைத்துத் தானே தேடுவான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு பென் டிரைவ் அந்தக் கம்ப்யூட்டரை முடித்துவைத்தது. காதர்பேட்டையில் எந்தக் கடை பென் டிரைவைச் செருகினாலும் வைரஸ் வரும் காலம் அது. விண்டோஸ் பாதி திறந்து அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் அந்தோணிராஜ் வந்து, சி.பி.யு.வைத் திறந்து தூசி தட்டி, ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தான். தூத்துக்குடிக்காரன், முனீஸை அண்ணன் என்று கூப்பிடுகிறவன்.

"அண்ணே, மறுபடி திருட்டு விண்டோஸ் போட்டா மறுபடி இதே கததான். விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ் சிடி எங்கிட்ட இருக்கு. உபுண்டுன்னு பேரு. வெளிநாட்டுல இருந்து தபால்ல சும்மாவே அனுப்பி வச்சாங்க. வைரஸ் அண்டாது. இன்னொண்ணு, அது தமிழ்லயே வரும்."

"தமிழ்லயேன்னா?"

"மெனு, பெட்டி எல்லாம். மதினி கடகடன்னு வாசிச்சுரும்."

முனீஸ் கீபோர்டைத் தடவிப் பார்த்தான். கோரல் அதில் ஓடுமா என்று கேட்டான். ஓடாது, வரைவதற்கு வேறொன்று இருக்கிறது, அதுவும் இலவசம்தான் என்றான் அந்தோணிராஜ். முனீஸ் யோசித்தது தன்னைப் பற்றியல்ல. இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அதற்குப் பிறகு இந்தக் கடையில் கண் என்று ஒன்று இருந்தால் அது ஜோதியின் கண்தான்.

"போடுடா," என்றான்.

சிடி சுற்றியது. திரை பழுப்பு நிறமாய் விரிந்தது. இடது பக்கம் மேலே என்ன இருக்கிறது என்று முனீஸ் கேட்டான். நாகஜோதி குனிந்து பார்த்துவிட்டுச் சத்தமாக வாசித்தாள்.

"பயன்பாடுகள். அதுக்குப் பக்கத்துல இடங்கள்." அவள் குரல் உயர்ந்தது. "மாமா, எல்லாம் தமிழு! கோப்பு, திருத்து, சேமி... எல்லாத்தையும் என்னால வாசிக்க முடியுது மாமா!"

கோயம்புத்தூர் போய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. அன்றைக்கு மூவரும் டீயும் தேங்காய்ப் பன்னும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தொடக்கத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரின்டர் அசையவில்லை. அந்தோணிராஜ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை ஓட வைத்தான். பழைய கோரல் டிசைன்களை சிடியில் எடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் புதிய மென்பொருள் அவற்றைத் திறக்க மறுத்தது. அச்சான பெட்டிகளை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாய் மறுபடி வரைய வேண்டியிருந்தது. வரையும் மென்பொருளில் பாதி மெனு தமிழ், பாதி இங்கிலீஷ். இங்கிலீஷாய் இருந்ததை நாகஜோதி எழுத்தாக வாசிக்கவில்லை, கோலத்தை நினைவில் வைப்பதுபோல் வடிவத்தை வைத்துக்கொண்டாள். முனீஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவான். அவள் செய்வாள்.

ஒரு நாள் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி எஃப் ஆறைத் தட்டினான். கட்டம் வரவில்லை. பென்சில் வந்து கோணல்மாணலாய்க் கிறுக்கியது. எஃப் ஏழில் வட்டமும் இல்லை.

"இதுல வேற பட்டன் மாமா," என்றாள். "கட்டத்துக்கு எஃப் நாலு."

அவன் நாலைத் தட்டினான். கட்டத்தை இழுத்தான். அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை; நடுவில் தெரிந்த துண்டும் அதற்குள் வெறும் வெளிச்சமாய் மங்கியிருந்தது. கோரல் திரையை அவன் பத்து வருடம் கண்ணால் பார்த்துப் பழகியிருந்தான். கண் மங்கிய பிறகும் அந்தத் திரை அப்படியே தலைக்குள் இருந்தது, விரல் அதற்குள் நடமாடியது. இந்தப் புதிய திரையை அவன் முழுதாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் போவதில்லை.

திரையை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அதில் இருப்பதாக அந்தோணிராஜ் காட்டினான். தகரத்தில் ஆணி கீறுவது போன்ற குரல். தமிழை அதனால் கடிக்கவே முடியவில்லை. இங்கிலீஷில் மெனுப் பெயரைச் சொன்னது. பெட்டிப் படத்தில் மயிலின் கழுத்து எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

நாகஜோதிக்குக் கை வந்தது. செக்கிங்கில் தையல் விட்ட இடத்தை ஒரு பார்வையில் பிடித்த கண் அவளுடையது. எழுத்து அரை நூல் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். முதலில் ஒவ்வொன்றுக்கும் "மாமா, இப்ப என்ன செய்ய?" என்று கேட்டாள். பிறகு சிலதற்கு மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விகள் குறைந்துகொண்டே வருவதை மவுஸ் சத்தத்தின் நடுவே அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதில் அவனுக்குப் பெருமைதான். ஆனால் பொழுது போகவில்லை.

ஒரு நாள் தண்டாயுதபாணி வந்தார். பரம்பரையாய்த் தறி ஓட்டிவிட்டு இப்போது வீட்டோடு பனியன் கம்பெனி நடத்துகிறவர். கடை திறந்த முதல் வருடத்திலிருந்து முனீஸிடம்தான் வருவார். தைப்பூசத்துக்குப் புதுப் பெட்டி வேண்டும் என்றார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பச்சை கொஞ்சம் அடர்த்தியா இருக்குதுங்களே. மாத்தலாமுங்களா?"

"மாத்திரலாம்ங்க. மஞ்சளக் கொஞ்சம் கூட்டுறேன், பாருங்க."

"ஆமாங்க, இது நல்லாருக்குதுங்க. இப்படியே போட்ருங்க."

வழக்கமாய் இந்த இடத்தில் தண்டாயுதபாணி "முனீஸ், நீங்க என்ன சொல்றீங்க?" என்று திரும்புவார். அன்றைக்குத் திரும்பவில்லை. மறந்திருக்க மாட்டார். பார்க்க முடியாதவனிடம் பச்சையைப் பற்றிக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர். அவர் போன பிறகும் முனீஸ் அந்த நாற்காலியிலேயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டான். அதற்கடுத்த வாரமும்.

நாகஜோதிக்குப் புரியாமல் இல்லை. அவள் அந்தோணிராஜிடம் சொல்லி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸும் கோரலும் போடச் செய்தாள். முனீஸைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதன் முன்னால் உட்கார வைத்தாள்.

"இது உங்களுக்கு மாமா. பழசு. நீங்க பாட்டுக்குப் போடுங்க."

கீபோர்டைத் தடவினான். எஃப் ஆறு. எஃப் எட்டு. விரல்கள் ஓடத் தொடங்கின. தாவல், நகர்த்தல், நிறம். அவன் முதுகு நிமிர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு முனகலாய் ஏதோ பாட்டுக்கூட வந்தது. முடித்துவிட்டுக் கைகளை எடுத்தான்.

"எப்படி வந்துருக்கு ஜோதி?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா வந்துருக்கு மாமா," என்றாள்.

அந்த ஒரு கணம் போதும் அவனுக்கு. அவள் முகத்தைப் பார்க்க முடியாதவன், அவள் மூச்சைப் பத்து வருடமாய்க் கேட்டுக்கொண்டிருப்பவன்.

"எழுத்து எழுத்து மேல ஏறிக் கெடக்கா?"

அவள் மவுஸை எடுத்து நகர்த்தினாள்.

"சொல்லு புள்ள. யார்கிட்ட மறைக்கப் போற?"

"கட்டம் தாளுக்கு வெளிய போயிருச்சு மாமா. எழுத்து... ஆமா. மேல ஏறித்தான் கெடக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது. "நான் சரி பண்ணிர்றேன். நீங்க சொல்லச் சொல்ல நான் இழுத்து வைக்கிறேன்."

"வேண்டாம்." அவன் கை அவள் தலையைத் தேடித் தொட்டது. "நீ ஒன் வேலையப் பாரு. அதுக்குத்தான் நான் தமிழ்ல போடச் சொன்னேன்."

அன்றைக்குப் பிறகு அவன் கீபோர்டைத் தொடவில்லை. நடுவில் மிச்சமிருந்த வெளிச்சமும் அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் விளக்குப் போடட்டுமா என்று அவள் கேட்டபோது, போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான் என்றான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தண்டாயுதபாணி தன் வீட்டுப் பேக்கிங்கில் ஒரு வேலை கொடுத்தார். பனியனை அட்டை வைத்து மடித்துப் பெட்டிக்குள் தள்ளும் வேலை. கண் வேண்டாம், கை போதும். பெண்கள் பேசிக்கொண்டே மடிப்பார்கள், ரேடியோ பாடும். முனீஸ் மடித்ததில் ஒருபோதும் சுருக்கம் விழுந்ததில்லை என்று அவர் பாராட்டுவார். அவன் சிரித்துவைப்பான்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நாகஜோதி அவனை அழைத்துவர வருவாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரமாய் நடந்து வருவான். வழியெல்லாம் அவள் பேசுவாள். யார் வந்தார்கள், என்ன போட்டாள், புது உபுண்டு வந்திருக்கிறதாம், அந்தோணிராஜ் மாற்றித் தருகிறானாம், செக்கிங்கில் கூட வேலை பார்த்த சீனியம்மாள் தமிழில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்து கேட்டாளாம்.

"சொல்லிக்குடு," என்றான் முனீஸ்.

"நீங்களும் வாங்களேன் மாமா. சும்மா வந்து உக்காந்துருங்க."

ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் அவனை ஓரமாய் இழுத்துக்கொண்டாள். நாளைக்குப் பேக்கிங் நெறையக் கெடக்கு என்றான். அவள் திரும்பக் கேட்கவில்லை. இருவரும் நடந்தார்கள்.