பாசிக்கு யார் தீனி போட்டது

பால் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேனைத் திறந்ததுமே யார் பாலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். லாக்டோமீட்டரை உள்ளே விடுவதெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டத்தான். அடி அண்ணாமலையில் என்னிடம் பிடிபடாத மாட்டுக்காரர்கள் கம்மி. அப்படிப்பட்டவனை வீட்டு முன்னறையில் இருந்த ஒரு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஏழு மாதம் குழப்பி எடுத்தது.

தொட்டி என் மகளுடையது. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கினாள். மீன்தொட்டி நானும் பார்த்திருக்கிறேன்; ஆனால் இதில் இருந்தது கடல் தண்ணீர். எங்கள் ஊரில் மலை இருக்கிறது, கடலுக்கு எங்கே போவது? பாக்கெட்டில் வரும் உப்பை ஆர்ஓ தண்ணீரில் கலந்து அவளே கடல் செய்துகொண்டாள். உள்ளே ஓட்டை ஓட்டையாகக் கொஞ்சம் பாறை, வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு பவளம். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது உயிரோடு இருந்தது. விளக்கைப் போட்டால் பச்சை விரல்களை நீட்டி ஆடும், அணைத்தால் சுருங்கிக்கொள்ளும்.

சித்திரையில் கம்பெனி அவளை ஐதராபாத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டது. விடுதி அறையில் தொட்டி வைக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஆவியாகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீனி ஒரு சிட்டிகை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். நான் பார்க்காத அளவையா என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பாறைமேல் பச்சையாக மயிர் முளைத்தது போல ஏதோ தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிடம் வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, அது பாசி. வளர விட்டா பவளத்த மூடிடும். செத்துடும்."

அதுவரை அவள் எனக்குத் தனியாகப் போன் செய்ததே இல்லை. அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவாள். கடைசியில் "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பாள், "இருக்காரு" என்று அவள் அம்மா சொல்வாள், அத்தோடு என் கணக்கு முடிந்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேசுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை, அவ்வளவுதான். பாசி வந்த பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு என் போன் அடித்தது. நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்ட, அவள் அங்கிருந்து உத்தரவு போட்டாள். அந்த ஏழு மணிக்காக நான் ஆறரைக்கே முகம் கழுவித் தயாராக இருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் சொன்னதெல்லாம் செய்தேன். விளக்கு எரிவதை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்து, உதிர்ந்த பாசியைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தேன். மூன்று நாள் தொட்டியை வேட்டியால் மூடி இருட்டில் வைத்தேன். பாசி தின்னும் நத்தைகள் நாலு சென்னையிலிருந்து பார்சலில் வந்தன. அதில் ஒன்று குப்புற விழுந்தால் தானாக நிமிரத் தெரியாத ஜென்மம். அதைத் தினமும் காலையில் நிமிர்த்தி வைப்பது என் வேலையானது. ஒவ்வொன்றுக்கும் பாசி ஒரு வாரம் அடங்கும், மறுவாரம் முன்பைவிட ஜாஸ்தியாக வரும்.

தண்ணீரில் பாஸ்பேட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் மருந்தும் விட்டுப் போயிருந்தாள். மருந்து போட்டால் தண்ணீர் நீலமாகும். நீலம் கூடக்கூடப் பாசிக்குச் சாப்பாடு கூட என்று அர்த்தம். எப்போது பார்த்தாலும் நல்ல நீலம்.

"எங்கிருந்தோ வருதுப்பா. தண்ணில வேற ஏதாவது போடறீங்களா?"

"தீனியத் தவிர ஒண்ணும் போடல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"சத்தியமா ஒண்ணும் போடலம்மா."

எனக்கே பொறுக்கவில்லை. கலப்படம் நடக்கிறது, என் கண்ணெதிரிலேயே நடக்கிறது, ஆள் தெரியவில்லை. முதலில் என் மனைவியைச் சந்தேகப்பட்டேன். மீன் பசியோடு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் தீனி போடுகிறாளோ என்று டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். கோட்டை அவள் பார்த்துவிட்டாள்.

"மாட்டுக்குத் தீனி போடவே எனக்கு நேரம் இல்ல. உங்க மீனுக்கு நான் போடறனா?" என்றாள். அன்று சாப்பாடு மேசைமேல் இருந்தது, அவள் பக்கத்தில் இல்லை.

அடுத்தது தண்ணீர் கேன்காரர். ஆர்ஓ என்று சொல்லி போர் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவருகிறார் என்று எனக்குப் பட்டது. தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று பார்க்க மகள் வைத்திருந்த மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்கே போய், தெருவில் நாலு பேர் பார்க்க ஒவ்வொரு கேனாகத் திறந்து அளந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் மூடிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கவில்லை. நான்தான் மொபெட்டில் டவுன் வரை போய்த் தண்ணீர் தூக்கி வர வேண்டியிருந்தது. மனிதரை அவமானப்படுத்தியது தப்பு என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் பாசி யாருடைய வேலை என்று தெரியாதவரை யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஐப்பசியில் பவளத்தின் ஒரு பக்கம் சுருங்கியது விரியவேயில்லை. மகள் போனில் அதைப் பார்த்தாள்.

"கார்த்திகை தீபத்துக்கு வரேன்ப்பா. அப்பவும் பாசி இப்படியே இருந்துச்சுன்னா டேங்க்க மெட்ராஸ்ல என் ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துடறேன். அவ பாத்துப்பா. நீங்களும் எத்தன நாளு கஷ்டப்படுவீங்க."

அக்கறையோடுதான் சொன்னாள். தொட்டி போனால் ஏழு மணி போன் எதற்கு வரும்? "சரிம்மா, உன் இஷ்டம்" என்றேன். போனை வைத்த பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொட்டியில் முழங்கை வரை கையை விட்டேன். தீபம் வரை தினமும் தேய்த்தேன். தேய்த்த இடத்திலேயே வளர்ந்தது.

தீபத்துக்கு முதல் நாள் வந்தாள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்; பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தே வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொட்டியிடம் போனாள். எதுவும் திட்டவில்லை. "பவளம் பாதி இருக்குது" என்று மட்டும் சொன்னாள். யாருக்கோ போன் செய்து, தீபம் முடிந்த மறுநாள் வண்டி கிடைக்குமா என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, விளக்கேற்றி, விபூதி இட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கடை விபூதி நுழையாது. கடையில் விற்பது பாதி சுண்ணாம்புப் பொடி என்பது என் தீர்மானம். எங்கள் மாட்டுச் சாணத்தை உருட்டிக் காயவைத்து, உமி போட்டு எரித்து, துணியில் சலித்து நானே செய்வேன். மனைவிக்கு இட்டேன். முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகளுக்கு இட்டேன். விரலில் மீதி இருந்ததோடு திரும்பினேன்.

"அப்பா, இப்ப என்ன போட்டீங்க?"

"எங்க?"

"டேங்க்ல."

"ஒண்ணும் போடலயே."

"இப்ப கைய இப்படித் தூவினீங்களே."

"அது விபூதிம்மா."

நான் பொய் சொல்லவில்லை. விபூதியை ஒரு பொருளாக நான் நினைத்ததே கிடையாது. கன்று போட்டால் கன்றுக்கு, புது வண்டி வந்தால் வண்டிக்கு, அரிசி மூட்டை வந்தால் மூட்டைக்கு. அது போடுவதில் சேர்த்தியா? யாராவது கேட்டிருந்தால் மூச்சு விடுவதைக்கூடச் சொல்லியிருப்பேன், இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள். புதிதாகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து, முதலில் அதைச் சோதித்துக் காட்டினாள். நிறமே இல்லை. பிறகு ஒரு சிட்டிகை விபூதி போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நின்ற தண்ணீரைக் குப்பியில் எடுத்து மருந்தை விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். பால் சோதிக்க வந்து கைகட்டி நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியும், அப்படித்தான் நின்றிருப்பேன். குப்பி மைப்புட்டி மாதிரி நீலமானது.

"சாணச் சாம்பல்ப்பா இது. செடிக்கு உரம். பாசிக்கும் உரம்தான். கடைல விக்கிற சுண்ணாம்பா இருந்தாகூட இவ்ளோ வந்திருக்காது."

அதாவது என் விபூதி சுத்தமாக இருந்ததுதான் கோளாறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியில் நல்லது செய்கிற ஒன்று நாலடி தள்ளி எப்படிக் கெடுதல் செய்யும் என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. தெருவில் திறந்து பார்த்த கேன்கள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன.

"எப்பலேர்ந்து போடறீங்க?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் இருந்தவரை தொட்டியில் போட்டதாக ஞாபகமே இல்லை. எப்போது ஆரம்பித்தேன் என்றும் தெரியவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"நீ போனதுலேர்ந்துதான். தெனமும் காலைல உனக்கு வெச்சுட்டுத்தான போவாரு, இங்க நீ வேல செய்யறப்ப. நீ போயிட்ட, நாற்காலி காலியா இருந்துச்சு. அங்கயே வந்து நின்னு பக்கத்துல இருக்கறதுல போட்டுட்டுப் போவாரு."

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலயா?" என்று அவளிடம் கத்தினேன்.

"விபூதி போடறத யாருனா சொல்லுவாங்களா?" என்றாள். அவளும் என்னைப் போலத்தான்.

மகள் குனிந்து குப்பியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவ வேண்டியதைவிட ஜாஸ்தி நேரம் கழுவினாள். அன்று சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றியபோது மொட்டை மாடியில் மூன்று பேரும் நின்று கும்பிட்டோம். கீழே வந்ததும் மெட்ராஸுக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் இருந்து பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஊருக்குப் போனாள்.

அதன்பிறகு நான் கையைக் கழுவாமல் தொட்டிப் பக்கம் போகவில்லை. கேன்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார், மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் பழையபடி வண்டியும் நின்றது. மாசி வருவதற்குள் பாறை வெளுத்தது. பவளத்தின் மிச்சப் பாதி முன்போல ஆட ஆரம்பித்தது. குப்பியில் நீலம் கிட்டத்தட்ட இல்லை. "சூப்பர்ப்பா" என்றாள் மகள். காட்டுவதற்கும் கேட்பதற்கும் ஒன்றும் இல்லாததால் ஏழு மணி போன் ஐந்து நிமிடமானது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். தொட்டியைக் காப்பாற்றியதே அந்தப் போனுக்காகத்தான். தொட்டி நன்றாக இருந்தால் போன் வராது என்பது எனக்கு முன்கூட்டித் தோன்றவேயில்லை. ஒருநாள் பாறையில் ஒரு மூலையில் பச்சையாக ஏதோ தெரிய, எனக்குச் சந்தோஷம் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பவளத்தின் பச்சைதான் கண்ணாடியில் பட்டு அப்படித் தெரிந்திருக்கிறது. சந்தோஷப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலாக வந்தது.

போன வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நானாகவே அவளைக் கூப்பிட்டேன். அதுவரை நானாகக் கூப்பிட்டதே இல்லை.

"என்னப்பா, பாசியா?"

"இல்ல."

"மீனுக்கு ஏதாவது?"

"அதெல்லாம் நல்லா இருக்குது."

"அம்மாவுக்கு?"

"உள்ள இருக்கா. ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்குப்பா?"

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, வெச்சுடறேன்" என்றேன்.

"இருங்க, இருங்க, வெக்காதீங்க" என்றாள். "நானே ரெண்டு நாளா பண்ணணும் பண்ணணும்னு இருந்தேன். பாசியும் இல்ல, உங்ககிட்ட இன்னா கேக்கறதுன்னு தெரியாம விட்டுட்டேன்."